பேர் சொல்லாத ஞாயிறு

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து அந்தோணியார் கோயிலில் திருநாள். பூசை முடிந்தது, சாமியார் ஜீப்பில் ஏறிப் போனார். வழக்கம்போல் பாயை விரித்து உட்கார்ந்தோம். ஒவ்வொருவராக எழுந்து "ஆண்டவருக்கு நன்றி" என்றார்கள், உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் பொழுது சாயும்வரை நடக்கிற காரியம். இந்த வருஷம் உலை கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. உலை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். எங்கள் வீடுகளில் இப்போது உலை வைப்பதே இல்லை. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: என் பெயர் ஆரோக்கியம். லால்குடிப் பக்கத்துப் பெண். குவாலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆஸ்பத்திரி டிரசராக இருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டுக் கப்பலேறியவள். டிரசர் என்றால் பாதி டாக்டர் என்று என் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதும் காய்ச்சலுக்குக் கொய்னா கலக்கிக் கொடுப்பதும்தான் அவர் வேலை என்று இங்கே வந்துதான் தெரிந்தது. அப்பாவைக் குறை சொல்லவில்லை. மலாயா என்றால் ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான்.

இதற்கு முன் நான் எழுதியதெல்லாம் மழையும் சமையலும். பாசிர் பெனம்பாங்கில் படகு வந்ததும் மீன் வாங்குவதைப் பற்றி எழுதியபோது வாயூறிப்போனதாகச் சிலர் சொல்லியனுப்பினீர்கள். இந்த முறை அப்படி எதுவும் இல்லை. ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் சவரிமுத்து. அவர் இப்போது தமிழ்நாட்டில், உங்கள் பக்கம்தான் எங்கோ இருக்கிறார்.

2

எங்கள் தோட்டத்தின் சரித்திரத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரையின் ஆபீசில் மரங்களுக்குக் கணக்கு உண்டு. ஆட்களின் கதை திருநாளன்று வாயால் சொல்லப்படுவதுதான்.

காடு வெட்டிய காலத்தில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போயிருக்கிறது. லயம் என்று நாங்கள் சொல்கிற அந்த வரிசை வீடுகளில், அப்பன் ஆத்தாள் போய்ப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சிய வீடுகள் பல. அந்தப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு ஒரு வீட்டில் கஞ்சி, நாளைக்கு இன்னொரு வீட்டில் சோறு. அவர்கள் வளர்ந்து ஆளானதும், திருநாளன்று கோயிலில் எழுந்து நின்று யார் யார் கைச்சோறு தின்றோம் என்று பேர் பேராகச் சொன்னார்கள். தாங்கள் யாருக்குப் போட்டோம் என்பதையும் சொன்னார்கள். அதுவே முறையாகிவிட்டது. எதையும் விடக்கூடாது. சண்டைக்காரி போட்ட சோறானாலும் சொல்லியாக வேண்டும். விட்டுவிட்டால் பின்வரிசையிலிருந்து குரல் வரும்.

"எங்கம்மா ஊத்துன கூழு எங்க போச்சுலா?"

எல்லோரும் சிரிப்பார்கள். விட்டவர் அசடு வழியச் சொல்லிவிட்டு உட்கார்வார்.

முதல் வருஷம் நான் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டில் சாப்பிட்டதை மறைக்கிற ஊரிலிருந்து வந்தவள் நான். யார் வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்று இப்படி மைக் வைக்காத குறையாகச் சொன்னால் சாதி என்னாவது என்று பயந்தேன். கோயிலில் உட்கார்ந்துகொண்டு நினைத்த நினைப்பு அது, இருந்தாலும் நினைத்தேன். போகப் போகத்தான் புரிந்தது. எந்தக் கப்பலில் யார் வந்தார்கள், எந்த லயம் தீப்பிடித்தது, தோட்டத்து மேற்பகுதியான மேல்டிவிஷன் கிணற்றை யார் வெட்டினார்கள், யாருக்குப் பேர் சொல்ல ஆளில்லாமல் போனது, எல்லாம் அந்தச் சோற்றோடு சேர்ந்து வந்துவிடும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நானும் இந்தத் தோட்டத்தைத் தெரிந்துகொண்டேன்.

எல்லோரிலும் நீளமாகச் சொல்கிறவர் சவரிமுத்து. பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். கோயில் மணி அடிப்பதும் அவர்தான். சின்னப் பையனாகப் பெற்றோருடன் கப்பலில் வந்தவர். வந்த வருஷமே இருவரையும் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. லயம் முழுவதும் சேர்ந்து வளர்த்த பிள்ளை. கல்யாணம் கட்டவில்லை. "எத்தன ஆத்தா கிட்டப் போயி சம்மதம் கேக்குறது?" என்பார். அவர் பேர் சொல்ல ஆரம்பித்தால் சாப்பாடும் கூடவே வரும்.

"பெரிய லயத்து மூக்காயி. கருவாட்டுத் தலை எனக்கு, உடம்பு அவ புருசனுக்கு. புருசன் வேலைக்குப் போயிட்டா உடம்பும் எனக்கு."

மூக்காயியின் மகள் ராக்கு முன்வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவளுடைய அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் பார்த்தது போலத்தான் இருக்கும்.

3

ஜப்பான்காரன் காலத்தில் அரிசி என்பது பேச்சில் மட்டும் இருந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று பிள்ளைகளுக்கு வயிறு முன்னால் வந்துவிட்டது. என் மகன் சூசைக்கு அப்போது பால்பற்கள் விழவில்லை. வயிற்றுக்கடுப்பு கண்டு துணியாகத் துவண்டு கிடந்தான். அப்பா டிரசர், என்ன பிரயோசனம்? ஆஸ்பத்திரியில் மிஞ்சியிருந்தது கட்டுத்துணி மட்டும். என் வீட்டுக்காரர் அதைத் துவைப்பதும் காயவைப்பதுமாக இருந்தார். அவர் அழுததை அந்த ஒரு முறைதான் பார்த்தேன்.

சவரிமுத்து வந்து எட்டிப் பார்த்தார். உடனே கிளம்பிப் போனார். திரும்பி வந்தபோது இடுப்புத்துணியில் முடிந்த அரிசி இருந்தது.

"ஏது அண்ணே?"

"ஆ சோங் குடுத்தான். கஞ்சி வச்சுக் குடுங்க டிரசரம்மா. அவன் பேர மட்டும் மறந்துறாதீங்க."

ஆ சோங், தோட்டத்து எல்லைக்கு அப்பால் ஓடைக்கரையில் கீரையும் கத்தரிக்காயும் போட்டுப் பிழைத்த சீனர். அவரிடமே எவ்வளவு அரிசி இருந்திருக்கும்? பலமுறை சவரிமுத்து போனார், பலமுறை முடிச்சு வந்தது. அந்தக் கஞ்சியில் சவரிமுத்துவும் ஒரு வாய் குடித்தார். சூசை பிழைத்தான்.

அடுத்த திருநாளில் நான் முதல்முறையாக எழுந்து நின்று பேர் சொன்னேன். சவரிமுத்து. ஆ சோங். உட்கார்ந்ததும் ராக்கு என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். இங்கே வந்ததிலிருந்து விருந்தாளி மாதிரியே இருந்தவளுக்கு அன்றுதான் வீடு வந்து சேர்ந்தது போல இருந்தது.

4

பிறகு அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்கும் சர்க்காருக்கும் சண்டை. நடுவில் தோட்டம். எல்லோருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை. தள்ளித் தள்ளியிருந்த லயங்களைப் பிரித்து, எல்லோரையும் ஆபீசுக்குப் பக்கத்தில் குடிவைத்து, சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்பதில்தான் சர்க்காருக்குக் கண். கடையில் பால்டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் தருவார். எடுத்து வைத்து யாருக்கும் கொடுத்துவிடக் கூடாதல்லவா!

ஓடைக்கரைச் சீனர்களை லோரியில் ஏற்றி, சர்க்கார் வேலி போட்டுக் கட்டிய புதுக்கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆ சோங் மட்டும் லோரியில் ஏறவில்லை, காட்டுக்குப் போய்விட்டார் என்று பேச்சு. விரும்பிப் போனாரா, பயந்து போனாரா, எனக்குத் தெரியாது. அவருடைய கத்தரிச்செடிகளைத் தோட்டத்து மாடு மேய்ந்தது.

இதற்கிடையில் என் மகன் பெரியவனாகிவிட்டான். கிள்ளானில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் படித்து, குவாலா சிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தான். அங்கே அவன் ஜோசப். சூசை என்று நான் வாசலில் நின்று கூப்பிட்டால் முகம் சுருங்கும். தமிழில் தொடங்கி இங்கிலீஷில் முடிப்பான். சாப்பிட்டாயா என்றால் "டன் மா" என்பான். திருநாளுக்கு வந்தாலும் பாயில் உட்காராமல் வெளியே சைக்கிளில் சாய்ந்து நிற்பான். ஒரு முறைகூடப் பேர் சொன்னதில்லை.

"நீயும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஓல்ட் பீப்பிள் பழக்கம்மா. எனக்கு ஷையா இருக்குலா."

போன வருஷத் திருநாளுக்குப் போலீஸ் பர்மிட் வாங்க வேண்டியிருந்தது. பத்துப்பேர் கூடினாலே கேள்வி கேட்கிற காலம். உபதேசியார் நடையாய் நடந்து வாங்கி வந்தார். பூசை இல்லாத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஒரு கான்ஸ்டபிள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்பார் என்ற நிபந்தனையோடுதான் பர்மிட். வந்து நின்றவர் தமிழர், தைப்பிங் பக்கத்துப் பையன்.

சவரிமுத்து எழுந்தார். மூக்காயி வந்தாள், கருவாடு வந்தது, சிரித்தோம். ஜப்பான்காரன் காலம் வந்தது. ஆ சோங் பேரைச் சொன்னார். கோயிலில் சிரிப்பு நின்றது. அத்தோடு உட்காருவார் என்று நினைத்தோம். வாங்கியதைச் சொன்னவர் கொடுத்ததையும் சொல்ல வேண்டுமே, அது எங்களுக்கு மறந்துவிட்டது.

"ஆ சோங்குக்கு நான் ரொம்ப நாளா திருப்பிப் போடல. போன மாசம் பால்காட்டுல மரத்துக்குப் பின்னால வந்து நின்னான். ஆளு எலும்பாப் போயிட்டான். எங்கிட்ட மத்தியானச் சோறு இருந்துச்சு. குடுத்தேன். ஆ சோங்குக்குப் போட்டேன்."

உபதேசியார் இருமினார்.

"ஜப்பான்காரன் காலத்துலதானே சவரி, நீ சொல்றது?"

எவ்வளவு நல்ல மனிதர்! ஏறி வருவதற்கு ஒரு கயிறு போட்டார். சவரிமுத்து அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"இல்லீங்க உபதேசியாரே. போன மாசம்."

5

மறுநாள் சவரிமுத்துவை வேலைக்காட்டிலிருந்தே போலீசார் அழைத்துப் போனார்கள். அந்தக் கான்ஸ்டபிளைத் திட்டிப் பிரயோசனமில்லை. கேட்டதைச் சொல்லத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

நான் பஸ் பிடித்துக் குவாலா சிலாங்கூர் போனேன். ஸ்டேஷனுக்கு எதிரே மரத்தடியில் நின்றேன். உள்ளே விடவில்லை. உள்ளே என் மகன் இருந்தான். வெள்ளைக்கார அதிகாரிக்கும் சவரிமுத்துவுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நான் விடவில்லை.

"அந்த ஒரு வரிய நீ விட்டிருக்கலாமேடா. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நடுவுல நீதானே?"

நிமிர்ந்து பார்த்தான். சின்ன வயதுக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்த்திருக்கவில்லை.

"விட்டுப் பாத்தேம்மா."

பேச ஆரம்பித்தான். அன்றைக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட வரவில்லை.

"யாரோ ஒரு பிச்சைக்காரனுக்குச் சோறு குடுத்தாருன்னு மாத்திச் சொன்னேன். அவரு கவனிச்சுக்கிட்டே இருந்திருக்காரு. இங்கிலீஷ் தெரியாட்டி என்ன, ஆ சோங்ங்கிற பேரு காதுல விழல இல்ல? 'தம்பி, பேர விட்டுட்டியே'ன்னாரு. கோயில்ல சொல்ற மாதிரியே, சிரிச்சுக்கிட்டு. தொரை என்னையப் பாத்தாரு. ஆ சோங், ஆ சோங்னு அவரே ரெண்டுதரம் தொரைகிட்டச் சொன்னாரு. அப்புறம் நான் என்னம்மா செய்யறது?"

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"எல்லாத்தையும். ஜப்பான்காரன் காலத்து அரிசியையும் சொன்னாரு. டிரசர் வீட்டுப் பையனும் அந்தக் கஞ்சியிலதான் பொழைச்சான்னாரு. 'டிரசர் வீட்டுப் பையன்'னே மொழிபெயர்த்தேன். அது யாருன்னு தொரை கேக்கல."

சட்டையோடு போய்ப் படுத்துக்கொண்டான். எனக்கு அவன்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. சவரிமுத்துமேல்தான் வந்தது. ஒரு பேரை விழுங்கினால் என்ன குறைந்துவிடும் இந்த மனிதருக்கு? ஊரில் எத்தனை பேர் எத்தனை பேரை விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு திரிகிறார்கள்? பிறகு என்மேலேயே கோபம் வந்தது. அவர் போட்ட கஞ்சியில் பிழைத்தவன் உள்ளே படுத்திருக்கிறான், நான் கணக்குப் பார்க்கிறேன்.

6

நாடு கடத்துவது என்று முடிவாயிற்று. இந்தியாவுக்கு. சொந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

அவருக்குச் சொந்த ஊர் எது என்று அவருக்கே தெரியாது. அடையாள அட்டைக்குப் பதியும்போது பிறந்த இடம் கேட்டார்கள். பெற்றோர் சொல்லிவைக்கவில்லை, சொல்லியிருந்தாலும் நினைவில்லை. ஏதாவது ஒரு பேர் வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்த ஆபீஸ் கிராணி அவசரப்படுத்தியதில், தன்னைக் கப்பலேற்றிய இடத்தைச் சொல்லிவிட்டார். நாகப்பட்டினம். அது துறைமுகம், அவர் வாழ்ந்த ஊர் அல்ல. அங்கே அவருக்குத் தெரிந்தவர் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. ஆனால் அட்டையில் இருக்கிறதே! அட்டையைவிட மனிதன் எப்படி அதிகமாகத் தெரிந்து வைத்திருக்க முடியும்?

என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தொரையிடம் போய் நின்றார். நல்ல வேலைக்காரன் என்று தொரையும் ஒப்புக்கொண்டாராம். ஆனால் இதில் தன் கைக்கு எட்டுவது ஒன்றுமில்லை என்றாராம். சாமியாரும் போய்ப் பேசிப் பார்த்தார். அதோடு சரி.

சூசையிடம் இரண்டு வேட்டியும் ஒரு கம்பளியும் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்து சொன்னான்:

"நாகப்பட்டினம் எப்படியிருக்கும்னு கேட்டாரும்மா. எனக்கு என்ன தெரியும்? உங்களக் கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன்."

நானும் அங்கேதான் கப்பலேறினேன். ஆனால் அழுதுகொண்டே ஏறியதில் எதையும் பார்க்கவில்லை. வெயில் அடித்தது, அவ்வளவுதான் நினைவு. அதையே சொல்லியனுப்பினேன். சூசை மறுபடி போனபோது அவரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

7

அவர் போன பிறகு சட்டம் இன்னும் இறுகியது. அரிசியாகக் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வேலிக்குள்ளே பெரிய கொட்டகை போட்டு, எல்லோருக்கும் ஒரே இடத்தில் சமைத்து, சோறாகத்தான் தருகிறார்கள். சோறு சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்ற யோசனை. வேலைக்குப் போகும்போது ஒரு பருக்கைகூட எடுத்துப் போகக்கூடாது. வேலிக் கேட்டில் பெண்களின் முந்தானையை உதறிப் பார்க்கிறார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். சமைக்கத் தெரிந்தவள், குழம்புக்குப் பேர் போனவள், அடுப்பில் கோழி அடைகாக்கிறது.

முதல் நாள் ராக்கு தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"இந்தச் சோத்துக்கு யார் பேரச் சொல்றது?"

சிரித்தோம். சவரிமுத்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வந்த திருநாள்தான் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மணி அடிக்க யாரும் முன்வராமல் கடைசியில் உபதேசியாரே அடித்தார். வாசலில் கான்ஸ்டபிள், வேறொருவர். யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் கூடிப் பேசி வைத்தது போல ஒவ்வொருவரும் ஆண்டவர் பேரை மட்டும் சொன்னார்கள். ராக்கு தன் அம்மா பேரைக்கூடச் சொல்லவில்லை. மூக்காயி பேரைச் சொன்னால் கருவாடு வரும், கருவாடு வந்தால் சவரிமுத்து வருவார். இனி மூக்காயியும் இல்லை. அவளைப் பார்க்காத சின்னஞ்சிறுசுகளுக்கு அவள் இருந்ததே தெரியப்போவதில்லை. கிணறு வெட்டியவர்கள் இல்லை, தீப்பிடித்த லயம் இல்லை. அவற்றை எங்கிருந்தும் திரும்பக் கொண்டுவர முடியாது. விட்டதைக் கேட்கப் பின்வரிசையிலிருந்தும் குரல் வரவில்லை. நானும் எழுந்தேன். ஆண்டவருக்கு நன்றி என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

நாகப்பட்டினம் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சவரிமுத்துவுக்கு வலது கைச் சுட்டுவிரலில் பால்கத்தி பிடித்துக் காய்த்த காய்ப்பு இருக்கும். பேச்சில் மலாய்ச் சொல் வரும். காசை டுயிட் என்பார், ரூபாயை வெள்ளி என்பார். பைத்தியம் என்று விரட்டிவிடாதீர்கள். சோறு போட்டால் உங்கள் பேரையும் சொல்லிவிட்டுப் போடுங்கள், அவருக்கு அது வேண்டும். கப்பல் போய்ப் பல மாதமாகிவிட்டது. இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது இன்னும் ஆகியிருக்கும். அவர் இருப்பார் என்றோ, நீங்கள் பார்ப்பீர்கள் என்றோ எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கோயிலில் சொல்லாததை இங்கே எழுந்து நின்று சொல்கிறேன். நான் லால்குடிப் பக்கத்து ஆரோக்கியம். வந்த புதிதில் எனக்குச் சோறு போட்டவள் ராக்கு. பிரசவத்தில் பத்தியச் சாப்பாடு போட்டவள் உபதேசியார் பெண்சாதி. என் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தவர் சவரிமுத்து. அந்தக் கஞ்சிக்கு அரிசி கொடுத்தவர் ஆ சோங். சவரிமுத்து என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். ஆ சோங்குக்கு நான் இன்னும் போடவில்லை.

இதை எழுத வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இந்தப் பத்திரிகை குவாலா சிலாங்கூருக்கும் வருகிறது. போலீஸ் ஸ்டேஷனில் தமிழ்ப் பத்திரிகைகளை இங்கிலீஷில் எழுதித் தருவது சூசையின் வேலை. பேர் எதையும் அவன் இனிமேல் விடமாட்டான்.